மெண்டோசா போய்வந்த காது மிஷின்

ரெபேக்காள் ஆன்ட்டி பத்தொன்பது வருடங்களாக வளைகுடாவில், ருவைஸில் நர்ஸ். இத்தனை வருடங்களில் அவர் பார்த்த உலகம் இரண்டுதான்: டூட்டி, ஊர். லீவு கிடைத்தால் நாகர்கோவிலில் தம்பி வீடு. பெட்டியில் முக்கால்வாசி மற்றவர்கள் கொடுத்துவிட்ட சாமான்கள். இறங்கிய மறுநாளே வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்புவார். கொடுத்து முடிக்கும்போது லீவும் முடிந்திருக்கும்.

எதிர் ஃப்ளாட்டில் இருப்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும். என் பெயர் சுபிஷா, வயது பதினேழு. பத்தாம் வகுப்புக் கணக்கு என்னைக் கைவிட்டது, நான் பள்ளிக்கூடத்தையே கைவிட்டேன். அதன்பிறகு எனக்கு முழுநேர வேலை அடுத்தவர்களைக் கலாய்ப்பது. ஆன்ட்டியின் அலாரத்தில் கழுதை கத்தும் சத்தத்தை வைத்தவள் நான்தான். அவர் அதை இன்னும் மாற்றவில்லை. "டான்னு எழுப்பி விடுது பிள்ள," என்பார்.

பிப்ரவரியில் ஒருநாள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு போனில் ஒரு டிக்கெட்டைக் காட்டினார். மெண்டோசா, அர்ஜென்டினா. கால் ஒடிந்து வார்டில் கிடந்த ஓர் இன்ஜினீயர் அவருடைய ஊர்த் திராட்சைத் தோட்டங்களின் படத்தைக் காட்டியிருக்கிறார். வரிசை வரிசையாகக் கொடிகள், பின்னால் பனிமலை.

"மூணு வருசமா மனசுல கெடக்கு பிள்ள. ஒருக்கா பெட்டி இல்லாம எங்கயாவது போணும்."

தம்பியிடம், "லீவு கிடைக்கல." ருவைஸில் இருப்பவர்களிடம், "ஊருக்குப் போறேன்." இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் பேசிக்கொள்ளாதவரை பொய் நிற்கும். எனக்கே பொறாமையாக இருந்தது. இவ்வளவு சுத்தமான பொய்யை நான்கூடச் சொன்னதில்லை.

முதுகில் மாட்ட என் பள்ளிக்கூடப் பையைக் கொடுத்தேன். அதுவாவது எங்கேயாவது போகட்டும். இங்கத்து நம்பர் இருந்த பழைய போனை அவர் என்னிடம் விட்டுப்போனார்.

"யாராவது மெசேஜ் போட்டா நான் சொல்லுததை மட்டும் எழுது. ஒனக்க இஷ்டத்துக்கு ஒண்ணும் எழுதப்படாது, கேட்டியா?"

"சத்தியமா ஆன்ட்டி," என்றேன். என் சத்தியத்தை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

தோள்வலி என்று சொல்லி எல்லோருடைய பார்சலையும் தட்டிக்கழித்துவிட்டார். ஞானசிங் மாமாவிடம் மட்டும் அது நடக்கவில்லை. அவர் இங்கே எண்ணெய் பிளான்ட்டில் டெக்னீஷியன், நாகர்கோவில் பக்கம் முட்டத்துக்காரர். தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவோடு வந்தார்.

"அக்கா, இது எடையே கெடையாது. எனக்க அம்மைக்கு காது மிஷினாக்கும்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அம்மாவுக்குப் போன் போடுவது எங்கள் மாடிவரை கேட்கும். அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். இவர் என்ன கத்தினாலும் அங்கிருந்து ஒரே பதில்தான்: "செரி மக்கா. சாப்பிட்டியா?"

ஆன்ட்டியால் மறுக்க முடியவில்லை. ஏர்போர்ட்டில் கூரியர் போட்டுவிடலாம் என்று வாங்கிக்கொண்டார். உறையில் அனுப்பிய இடம் துபாய் என்று விழுமே என்ற பயத்தில் அங்கே போடவில்லை. டப்பாவும் அர்ஜென்டினா போனது.

தினமும் படம் வரும். எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறை, அடுக்குக் கட்டில். "ருவைஸ் வந்த புதுசுல ஷேரிங் ரூம்ல கெடந்தேனே, அதே இரும்புக் கட்டில். இப்ப ஆசைப்பட்டு வந்து படுக்கேன்," என்று குரல் மெசேஜ் அனுப்பினார். மேல் கட்டிலில் கொலம்பியாவிலிருந்து வந்த லூசியா என்ற டீச்சர். எதிர்க் கட்டிலில் மின்ஜே என்ற கொரியப் பையன். மூன்று பேரும் வாடகைச் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார்கள். சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆன்ட்டி சைக்கிள் மிதிக்கும் படத்தை நான் இருபது தடவை பார்த்திருப்பேன். முதலில் சிரிக்கத்தான் பார்த்தேன்.

அங்கே ருசி பார்க்க வைன் ஊற்றிக் கொடுத்தபோது ஆன்ட்டி, சர்ச்சில் நற்கருணை வாங்க நீட்டுவதுபோல் இரண்டு கைகளையும் குவித்து நீட்டியிருக்கிறார். லூசியாவும் உடனே அப்படியே நீட்டினாளாம். பிறகு மின்ஜேயும்.

"ரெண்டு மடக்குதான் பிள்ள. உள்ள எறங்கினதும் ஞானசிங்குக்க அம்மை நெனப்பு வந்துட்டு. மிஷின் இடுப்புப் பையிலதான் இருக்கு. நான் சிரிக்கும்போ எல்லாம் அது குத்துது."

அன்று மாலை பழைய போனில் ஞானசிங் மாமாவின் மெசேஜ்: "அக்கா, மிஷின் கொடுத்தாச்சா?"

ஆன்ட்டியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தோட்டத்தில் சிக்னல் இருந்திருக்காது. நானே எழுதினேன்: "இங்க நல்ல மழை. போக முடியல."

"மார்ச் மாசத்துல ஏது மழை அக்கா?"

மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் இன்னும் பெரிதாக அடித்துவிடுவது என் வழக்கம். "சும்மா சொன்னேன்! கொடுத்தாச்சு. மாட்டினதும் அம்மை சிரிச்சாங்க."

கீழே ஒரு சிரிக்கும் பொம்மை வேறு. 'சிரிச்சாங்க' என்று சேர்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. எப்படியும் ஆன்ட்டி அனுப்பிவிடுவார், ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் என்ன? அவரிடம் இதைச் சொல்லவில்லை.

ஆன்ட்டி கறுத்து, சிரித்த முகமாகத் திரும்பினார். மறுநாள் ஞானசிங் மாமா பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஒங்க கைக்குப் புண்ணியம் அக்கா. போன ஞாயிறு நான் கத்தவே இல்ல. மெதுவாத்தான் பேசினேன்." அவர் தரையைப் பார்த்தார். "அப்பா செத்தப்ப லீவு கிடைக்கலன்னு சொன்னேன் இல்லியா? லீவு குடுத்தாங்க அக்கா. நான்தான் போகல. அவருகூடச் சண்ட போட்டுட்டு வந்தவன், அந்த முகத்தப் பாக்கப் பயம். நாலு வருசமா தொண்டையில நின்னுது. இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியுமா? இப்ப மிஷின் இருக்கே. அம்மைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அம்மை என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"'செரி மக்கா. சாப்பிட்டியா'ன்னாங்க. மன்னிச்சிட்டாங்க அக்கா."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் பேரீச்சம்பழப் பெட்டியைப் பார்த்தேன்.

மாமா போனதும் பழைய போனை நீட்டினேன். ஆன்ட்டி படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருக்கலாம். "பொய்க்கு ஒன்னக் காவல் வச்சது நான். எனக்க குத்தம்," என்றார். பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் மூடியில் மெண்டோசாவின் செம்மண் தூசி இருந்தது.

"சொல்லாம இருந்துடலாம் ஆன்ட்டி. மாமா சந்தோசமா இருக்காரு. விட்ட கணக்குப் பரீட்சையை எழுத நான் அடுத்த வாரம் ஊருக்குப் போறேன், கொடுத்துடுறேன். யாருக்குத் தெரியும்?"

"அவன் சொன்னது அவனுக்க அம்மைக்குக் கேக்கலியே பிள்ள," என்று மட்டும் சொன்னார்.

அன்றே இருவரும் போனோம். ஆன்ட்டி எதையும் மறைக்கவில்லை: அர்ஜென்டினா, வைன், டப்பா. மெசேஜ் நான் எழுதியது என்பதை மட்டும் விட்டுவிட்டார். நானே சொன்னேன். ஞானசிங் மாமா டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அம்மை எதுக்கு 'செரி மக்கா'ன்னாங்க?" என்று கேட்டார். பிறகு டப்பாவை என்னிடம் கொடுத்தார். "நீயே கொண்டு போ," என்றார். ஆன்ட்டியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள், கணக்குப் பரீட்சைக்கு முன்பே முட்டத்துக்குப் போனேன். ஆன்ட்டி வீடியோவில் காட்டித் தந்தபடி அந்த அம்மாவின் காதில் மிஷினை மாட்டினேன். வெளியே யாரோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அழுதார்.

மாமாவுக்குப் போன் போட்டு அம்மாவின் காதில் வைத்தேன். பழக்கதோஷம், மாமா கத்தினார். எனக்கே கேட்டது.

"எதுக்குலே கெடந்து கத்துற? எனக்கு நல்லாக் கேக்குது," என்றார் அம்மா. "அன்னைக்கு ஒருநாள் என்னமோ நெறயச் சொன்னியே மக்கா. நீ அழுதது மாதிரி இருந்து. ஒண்ணும் வெளங்கல. இப்பச் சொல்லு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை நான் எடுத்துப் பார்த்தேன். லைன் இருந்தது, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடியும் அம்மாவின் காதில் வைத்துவிட்டு, நான் வெளியே போய் மீன்காரியின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.