துரை கொடுத்த இரும்படுப்பு

விளக்கெண்ணெய் பூசிய இரும்பு முதன்முதலாகச் சூடேறும்போது ஒரு வாடை வரும். கசப்பும் கருகலுமாக மூக்கில் ஏறித் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த வாடையை, ஐப்பசி மாதத்து மழை விட்ட ஒரு காலையில், ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று ஏதோ பூவாசம் போல நான் முகர்ந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அய்யா அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். அம்மா கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி அதில் சாய்ந்திருந்தாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பு முழுவதும் நான் சொல்லியிருந்த ஒரு பொய்யால் வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரில் "பட்லர் வீடு" என்றால் எங்கள் வீடுதான். அய்யா ஏலமலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இருபது வருஷத்துக்கு மேல் சமைத்துப் போட்டவர். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரமாட்டார், அன்றைக்குத் துரைக்கல்லவா விருந்து! பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் கழிந்து நாலு நாளும், ஊர்க்கோயில் திருவிழாவுக்கு நாலு நாளும் மலையிறங்கி வருவார். கை நிறைய பிஸ்கோத்து கொண்டுவரும் அந்த விருந்தாளியை "அய்யா" என்று கூப்பிடவே எனக்கு ஐந்தாறு வயதுவரை கூச்சமாக இருந்தது. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம் துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். போகும்போது அய்யாவுக்கென்று கொடுத்தது ஒரு விறகடுப்பு.

மண்ணடுப்பையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது அடுப்பென்றே தோன்றவில்லை. ஆளுயரத்தில் பாதி இருக்கும் கனத்த வார்ப்பிரும்புப் பெட்டி. இடப்பக்கம் விறகு திணிக்க ஒரு சின்னக் கதவு, வலப்பக்கம் ரொட்டி வேக ஒரு பெரிய கதவு, மேலே கொக்கி போட்டுத் தூக்குகிற இரண்டு வட்ட மூடிகள், பின்னால் புகைபோக ஒரு குழாய். குமுளி மலைப்பாதையில் மாட்டுவண்டியில் இறங்கும்போது ஒரு வளைவில் சரிந்து, நான்கு கால்களில் ஒன்று ஒடிந்தே வந்து சேர்ந்தது. அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எருமை மாடு கெணக்கா இருக்கு, இத எங்கன கட்ட?" என்றாள். தொழுவத்தில்தான் கட்டினோம். மூன்று மழைக்காலம் அது அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது.

நான்காவது வருஷம் அம்மாவின் வயிற்றில் கட்டி வந்தது. கன்னியர் மடத்து மருந்துச் சிஸ்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோய் அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றும், மழைக்காலம் முடியுமட்டும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். விற்பதற்கு எங்களிடம் அந்த அடுப்பைத் தவிர எதுவுமில்லை. போடி ரயிலின் தண்டவாளத்தையே சண்டைக்கென்று பிடுங்கிக்கொண்டு போன காலம் அது. துருப்பிடித்த ஆணிக்கும் விலை இருந்தது. தேனியிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வண்டியோடு வந்து, தொழுவத்தில் எட்டிப் பார்த்து, எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவின் வைத்தியத்துக்கு அதுவே போதும்.

அய்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது சீமைச் சரக்குங்க. எடை போடுற சாமானா?"

வியாபாரி நல்ல மனுஷர். கோபித்துக்கொள்ளவில்லை. "சீமைச் சரக்குன்னா பேரு போட்டிருக்கும்ல, பாருங்க. அப்பிடி இருந்தா எங்கிட்டக் குடுக்காதீக. தேனியில எஸ்டேட் பங்களாக்களுக்குச் சாமான் பிடிச்சுக் குடுக்குற ஏஜெண்டு ஒருத்தர் இருக்காக. கப்பல் வராத இந்தக் காலத்துல அவுக நாலு பங்கு கூடக் குடுத்து எடுப்பாக. இல்லைன்னா சொல்லி விடுங்க, வண்டியோட வாரேன்" என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே அய்யா செங்கல் தூளும் ஊறவைத்த புளியுமாகத் தொழுவத்தில் உட்கார்ந்துவிட்டார். பெரிய கதவின் மேல் துரு பொருக்குப் பொருக்காக உதிர, அம்மைக் கொப்புளம் மாதிரி மேடு மேடாகத் தெரிந்தவை எழுத்துகளாக வந்தன. அய்யாவுக்கு இங்கிலீஷ் பேச வரும், பட்லர் இங்கிலீஷ். படிக்க எந்த மொழியும் வராது.

"ஏத்தா ரோசு, இங்கன வா. என்ன எழுதியிருக்குன்னு பாரு."

நான் மண்டியிட்டு விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். மேல்வரியில் யாரோ ஒருவரின் வார்ப்படப் பட்டறை. கீழ்வரியில் கொச்சி. மடத்துப் பள்ளிக்கூடத்தில் பூகோள வகுப்பில் கரையோரப் பட்டணங்களை இங்கிலீஷில் எழுதி எழுதி எனக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. சந்தேகத்துக்கே இடமில்லை. சொல்லுவதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் அய்யா பேசத் தொடங்கிவிட்டார்.

"துரையோட ஆத்தா வீட்டுச் சாமான்த்தா இது. கப்பல்ல வந்தது. போகைல என்னையக் கூப்பிட்டு, பட்லர், ஒனக்கில்லாம யாருக்கு இதுன்னு தோளத் தட்டுனாக. லண்டன்னு இருக்கணுமே, இருக்கா?"

தலைமுடியெல்லாம் செங்கல் தூளாக, சிவந்த கையோடு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை இங்கே விட்டுவிட்டு இருபது வருஷம் மலையில் கிடந்ததற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்த அடுப்பு. அது அந்த வயதிலேயே எனக்கு விளங்கியிருந்தது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

"இருக்குய்யா. லண்டன்னுதான் போட்டிருக்கு."

அவர் எழுந்து ஓடி அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "கேட்டியா, லண்டனாம்! ஏம் புள்ள படிச்சுச் சொல்லிருச்சு!"

அதன்பிறகு எல்லாம் தானாக நடந்தது. ஏஜெண்டுக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டார். அவர் மலையில் இருப்பதாகவும், மழை ஓய்ந்துதான் இறங்குவார் என்றும் பதில் வந்தது. "வரட்டுமே, அதுக்குள்ள புதுசாக்கிருவோம். ஒங்கம்மா வைத்தியமும் ஆச்சு, ரெண்டு குழி நஞ்செயும் ஆச்சு" என்றார் அய்யா. ஆற்று மணலைக் கொட்டித் தேய்த்தார். ஆசாரியிடம் போய் ஒடிந்த வண்டி அச்சில் ஒரு கால் அடித்துக்கொண்டு வந்தார். விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவை பூசினார். அம்மா அந்த நாட்களில் கஞ்சி தவிர எதுவும் உண்ணவில்லை. வியாபாரி இடையில் ஒருமுறை வந்து விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். "லண்டன்னு பேரே இருக்குங்க" என்று அய்யா சிரித்து அனுப்பிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குப் பயமாக இல்லாமல் இல்லை. ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பொய் சொன்னேன், சாமி" என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் வாராவாரம் சொல்கிற பாவம்தானே! மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். நான் மூன்றுக்கு ஐந்தாகச் சொன்னேன். பாவம் தீர்ந்தது, இனி அந்த எழுத்தே லண்டனாக மாறிவிடும் என்கிற மாதிரி ஒரு நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு இன்றுவரை அதில் சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை.

அடுப்பை முதன்முதலில் பற்றவைத்த காலையைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். மடத்தில் கெஞ்சி வாங்கிய கோதுமையைத் திரித்து, கள் விட்டுப் பிசைந்து புளிக்கவைத்து, அய்யா அதில் ரொட்டி சுட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் கைச்சமையலை அம்மா தின்றது அன்றைக்குத்தான். ஒரு விள்ளலைக் காப்பியில் நனைத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள். பிறகு சொன்னாள்: "இம்புட்டு நாளும் இந்தக் கையி துரைசாணிக்குத்தான் வாச்சிருந்துச்சாக்கும்!" அய்யா இருமல் வருமட்டும் சிரித்தார். அம்மா இரண்டு விள்ளலுக்கு மேல் தின்னவில்லை. மீதியை முந்தியில் முடிந்துகொண்டாள்.

ஏஜெண்டு வந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி, மலையாள வாடை அடிக்கும் தமிழ். அய்யா பங்களாவில் நிற்பதுபோல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர் குனிந்து கதவைப் பார்த்தார். ஒரு மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"இது கொச்சியில வார்த்தது பட்லரே. மலையில பாதிப் பங்களாவில இந்தச் சரக்குதான் கிடக்கு."

"லண்டன்னு எழுதியிருக்குங்களே?"

ஏஜெண்டு ரொட்டிக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு மூலையெல்லாம் தடவினார். "உள்ளுக்கு விரிசல் விட்டிருக்கு. புதுசு வந்ததும் துரை இதைக் கழிச்சிருப்பாரு. ஒங்க வேலை சுத்தமா இருக்கு, அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எனக்கு ஆகாது." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார், "அதுசரி, லண்டன்னு யாரு படிச்சது?"

அய்யா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு அவரிடம் சொன்னார்: "நாந்தாங்க. எழுத்து வாசன தெரியாத பய, வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

மறுநாளே இரும்பு வியாபாரி வண்டி கொண்டுவந்தார். ஏற்றும்போது அய்யா வெளியே வரவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரியுலையைக் கட்டிக்கொண்டு ஓடிய சண்டைக்கால பஸ்ஸில் அம்மாவைத் தேனிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைப் பார்த்துவிட்டு அய்யாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதும் எனக்குக் கேட்டது. "மழைக்கு முன்னாடி கொண்டுவந்திருந்தா அறுத்திருக்கலாம்." அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினோம். வழி நெடுக அம்மாவின் தலை என் தோளில் இருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம்.

அய்யா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. துக்கம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, போகமாட்டேன் என்று அழுத என்னைத் தானே கைப்பிடித்துக் கொண்டுபோய் மடத்து வாசலில் விட்டார். "அரைகுறையாப் படிச்சா இப்பிடித்தான்த்தா ஆகும். நல்லாப் படி" என்றார். அவ்வளவுதான். பங்களாவில் சூப்புக் கிண்டிய அதே கையோடு திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குப் போய், அய்யா என்னை டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்கவைத்தார். இங்கிலீஷ் டீச்சராக எனக்கு வேலை கிடைத்ததும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்: "சின்னதுல கொச்சிய லண்டன்னு படிச்சவ! இப்பப் பாருங்க, ஊருக்கே இங்கிலீசு சொல்லிக்குடுக்குறா!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் படுக்கையில் விழுந்த கடைசி மாதம், இதற்கு மேல் மறைக்க முடியாது என்று ஒருநாள் அருகில் உட்கார்ந்து தொடங்கினேன். "அய்யா, அந்த அடுப்புல எழுதியிருந்தத..." என்பதற்குள் அவர் கையை அசைத்துத் தடுத்தார். "விடுத்தா. சின்னப்புள்ள தெரியாமப் படிச்சதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? நான் என்னைக்கோ மறந்துட்டேன்." சொல்லிவிட்டு என் கையைத் தடவிக்கொடுத்தார். நான் எழுந்துபோய் அவருக்குக் கஞ்சி ஆற்றினேன்.

இப்போது எனக்கு எண்பது கடந்துவிட்டது. ராயப்பன்பட்டிக்குத் திருவிழாவுக்குப் போய்வருவதோடு சரி. வீடு கைமாறி, முற்றத்தில் சிமெண்டு கொட்டி இரண்டு மாடி எழுப்பியிருக்கிறார்கள். மலையில் துரைமார் இல்லை, பட்லர் என்றால் என்னவென்று கேட்கிறார்கள் பிள்ளைகள். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் மரச்சிலுவை எப்போதோ செல்லரித்துப் போய், எந்த இடம் என்று குத்துமதிப்பாகத்தான் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். அய்யாவின் இடத்துக்குக் கல் பதித்திருக்கிறேன். அங்கே முழங்காலிடும்போதெல்லாம் அவர் மன்னித்துவிட்டுப் போனது எழுத்துத் தெரியாத ஒரு பிள்ளையைத்தான் என்ற நினைப்புத்தான் வருகிறது. அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. நான் சரியாகத்தான் படித்தேன், அய்யா.