பார்த்துப் போட்ட கையெழுத்து

ஜமீலா அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தபோது, நான் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரோடு கலர் பிரிண்ட் வெளுத்துப்போனது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா மௌத்தாயிட்டாங்க மாமா. அசர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறோம்" என்றான். சரிப்பா என்று வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன், சண்டை எதற்கென்றே மறந்துபோய் நின்றேன். அந்த மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

புதுச்சேரியில் பிரான்சுக்குக் காகிதம் அனுப்ப வேண்டியிருந்தவர்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். பிறப்பு, திருமணம், இறப்பு என்று எந்தச் சான்றிதழானாலும் பிரெஞ்சில் பெயர்த்து, அடியில் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பவர் அவர். நான் அதே அலுவலகத்தில் டைப்பிங், பிரிண்டிங், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று எல்லாவற்றிலும் அரைகுறை. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பைக்கில் வரும் என்னை அவர் "இன்னா மெக்கானிக், இன்னிக்கு எதை ஒடைக்கப் போற?" என்றுதான் வரவேற்பார். கோபக்காரர். அதைவிட அதிகமாகச் சிரிப்பவர்.

அவருடைய லேப்டாப்போடு பெரிய மானிட்டர் ஒன்றை இணைத்திருந்தார். எந்தச் சான்றிதழ் வந்தாலும் ஸ்கேன் செய்து அந்தத் திரையில் பெரிதாகப் போட்டுத்தான் படிப்பார். மூலக் காகிதத்தில் கறை படக்கூடாது என்ற சுத்தம் என்று நாங்கள் நினைத்தோம். ஊறுகாய் தொட்ட கையோடு காகிதத்தை எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது சரியான காரணமாகவே தோன்றியது.

ஒரு நாள் காலை அவருடைய லேப்டாப் தானாகவே அப்டேட் செய்துகொண்டு எழுந்தது. மானிட்டர் எழவில்லை. "நோ சிக்னல்" என்று காட்டிவிட்டுக் கறுத்துப்போனது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு கேபிள் போட்டேன். லேப்டாப்பை அணைத்து ஏற்றினேன். என் மேசையிலிருந்த சின்ன மானிட்டரை லேப்டாப்பில் செருகினேன், அதுவும் எழவில்லை. அப்படியானால் மானிட்டர் மேல் குற்றமில்லை, கேபிள் மேலும் இல்லை. ஆனால் அவருடைய லேப்டாப்போ, இன்னொரு திரை இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கென்று பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். கணவன் பிரான்சில். மறுநாள் காலை சென்னையில் விசா நேர்காணல். பிறப்புச் சான்றிதழின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இல்லாமல் போக முடியாது.

"லேப்டாப்லயே பாருங்களேன் அக்கா" என்றேன். அக்கா பார்த்தார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான் தெரிந்தது. நகர்த்தி நகர்த்தித் தேடியவர், எந்த வரியில் இருந்தோம் என்பதையே தவறவிட்டார். அவ்வளவு நாள் பக்கத்து மேசையில் இருந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"கண்ணு போய்க்கினு இருக்கு தம்பி. சக்கரை" என்றார் மெதுவாக. "முதலாளிக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. நீ வாயத் தொறக்காத."

நான் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பெயர், தேதி, ஊர் எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். சான்றிதழ் வாக்கியங்கள் அவருக்கு மனப்பாடம். விரல்கள் தடங்கலின்றி ஓடின. பிரிண்ட் எடுத்து முன்னால் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அதற்கு மேலே எப்போதும் இருக்கும் வரிதான்: மூலத்தைப் பார்த்து, ஒப்பிட்டு, மொழிபெயர்த்தேன்.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் எங்க பாத்தேன்? நீ பாத்த."

"எல்லாம் ஒண்ணுதான் அக்கா. அந்தப் பொண்ணுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

"பாக்காததைப் பாத்தேன்னு எழுதித் தர மாட்டேன் தம்பி. முடியலன்னா வேற ஆளுகிட்ட அனுப்பிடறேன்."

வேறு ஆளிடம் அனுப்பினால் முதலாளி ஏன் என்று கேட்பார். கேட்டால் அவருடைய வேலை போகும். அது தெரிந்தேதான் சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மறுபடி லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் முயன்றபின், திரைக்கான டிரைவரை நீக்கிவிட்டு, மிகப் பழைய ஒன்றைப் போட்டேன். மானிட்டர் ஒருமுறை சிமிட்டிவிட்டு எழுந்தது. எழுத்துகள் மட்டும் தடித்து, ஓரம் சொரசொரப்பாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தன. அதையும் சரிசெய்யப் போனேன்.

"தொடாத" என்றார். "இப்பதான் நல்லாத் தெரியுது."

அந்தச் சொரசொரத் திரையில் சான்றிதழை ஏற்றி, முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் அவரே படித்தார். நான் படித்துச் சொன்னதிலிருந்து ஓர் எழுத்துகூட மாறவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, "மெர்சி மெக்கானிக்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அந்தப் பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அதன்பின் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் திரை பழைய நேர்த்திக்கு மாறிவிடும். நான் அதை மறுபடி கெடுத்துக் கொடுப்பேன். அது எங்கள் இருவருக்குள் மட்டும் நடந்த வேலை. பிறகு ஒருநாள் அந்தத் தடித்த எழுத்தும் அவருக்குத் தெரியவில்லை. யாரும் கண்டுபிடிக்கும் முன் அவரே எழுந்துபோய் முதலாளியிடம் சொல்லிவிட்டார். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாமே, நான் இல்லையா?" என்று சத்தம் போட்டேன். "நீ இருக்கறதாலதான் பயமா இருக்கு. நீ படிச்சிச் சொல்லிக்கினே இருப்ப, நானும் போட்டுக்கினே இருப்பேன்" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

மூலக்குளத்தில் மகன் வீட்டுக்கு அவ்வப்போது போய்ப் பார்த்தேன். பைக் சத்தத்தை வைத்தே நான்தான் என்று கண்டுகொள்வார். ரேடியோ பிடிக்காது, யாராவது செய்தித்தாள் படித்துக் காட்டினாலும் பிடிக்காது. "சும்மா குந்தியிருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கு தம்பி" என்று ஒருமுறை சொன்னார். அப்புறம் சிறுநீரகமும் கைவிட்டது. கடைசி சில வாரங்கள் நான் போகவில்லை. போயிருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன அலுவலக நண்பர்கள், "தூங்குவதுபோல் அமைதியாக இருந்தார்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். வர முடியாதவர்களுக்கு ஆறுதலாக இருக்குமாம். அக்கா இறந்த அன்று மாலை நான் போய்ச்சேர்ந்தேன். அக்கா வீட்டு வழக்கப்படி, இறந்த பெண்ணின் முகத்தை வெளி ஆண்களுக்குக் காட்டுவதில்லை. ஆண்களோடு வாசலில் நின்றேன். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் வரை நடந்தேன். உடலைச் சுமந்த சந்தூக்குக்குக் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன், கனமே இல்லை. மூன்று கைப்பிடி மண் போட்டேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அமைதியாக இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள் நண்பர்களே, அந்த வரியை என்னால் எழுத முடியாது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த 'முடியாது' மட்டும்தான்.