ஹம்மூவிடம் மரணம் சொன்னவர்கள்

கணவாய்க்கு ஏறும் சாலையில், தேவதாரு மரங்கள் தொடங்கும் வளைவில், சிவப்பும் வெள்ளையும் பூசிய இரும்புக் கம்பி ஒன்று உண்டு. பனி கொட்டத் தொடங்கினால் அதைக் குறுக்கே இறக்கிப் பூட்டிவிடுவார்கள்; சாவு மாதிரி அவசரம் என்றால்தான் திறப்பு. சாவி ஹம்மூவின் கழுத்தில் தொங்கும். கீழே சந்தை ஊர், மலைக்கு அந்தப் பக்கம் எங்கள் கிராமங்கள். நடுவில் ஹம்மூவும் அவருடைய சந்தேகமும்.

சாதாரணச் சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி தேநீர் கொண்டுவந்தால் கெண்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார் மனிதர்.

"கல்யாணமான நாள்லேர்ந்து போட்டுக் குடுக்குறேன், இன்னைக்குத்தான் விஷம் வைக்கப்போறேனா?" என்று அவள் எரிந்துவிழுவாள்.

"வைக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

வேலைக்கு வந்த புதிதில் அவர் இப்படி இல்லை. ஒரு வாலிபன் காரில் வந்து, "வாப்பா மௌத்தாயிட்டாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஹம்மூவுக்கு மனசு கேட்கவில்லை, திறந்துவிட்டார். பயல் போனது கூட்டாளி கல்யாணத்துக்கு. மேலே கார் பனியில் புதைந்து, மறுநாள் தோண்டி எடுத்தபோது இரண்டு கால்விரல்கள் கறுத்துப் போயிருந்தன. மௌத்தாகிப் போன வாப்பா தன் சொந்தக் காலில் நடந்து வந்து, "உனக்கு அறிவிருக்காய்யா? எம்புள்ளைய ஏன் விட்டே?" என்று ஹம்மூவின் சட்டையைப் பிடித்தார். அதோடு சரி. அன்றைக்கு அவர் மனதில் விழுந்த பூட்டு பிறகு திறக்கவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும், சனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பனிக்காலம் வந்தால் எங்கள் பக்கம் சாவு பெருகிவிடும், வாயில் மட்டும். ஒரு காய்கறி வியாபாரி ஒரே குளிர்காலத்தில் தாயை இரண்டு முறை கொன்றான். "போன மாசமும் உங்கம்மாதானே போனாங்க? பாவம், எத்தனை தடவைதான் சாவாங்க?" என்று கேட்டு ஹம்மூ அவனைத் திருப்பி அனுப்பினார். யார் மௌத்து என்றாலும் அவர் முகம் மாறாது. குளிப்பாட்டுவது யார், கபர் வெட்டுவது யார் என்று குடைந்து குடைந்து கேட்பார். பதிலில் சின்னத் தடுமாற்றம் என்றாலும் போதும், வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார். துக்கத்தில் இருக்கிறவனும் தடுமாறுவான் என்று அவரிடம் யார் சொல்வது?

அன்று விடிந்ததிலிருந்து பனி. மதியத் தொழுகை முடிந்த நேரத்தில் ஒரு பழைய கார் முக்கி முனகி ஏறி வந்து நின்றது. ஓட்டியவன் பெயர் ஸாயித். பின்னால் அவன் மனைவி இத்தோ. அவள் பக்கத்தில் ஒரு கிழவர், கம்பளியில் சுருண்டு, அங்கியின் தலைமூடி மூக்கு வரை இறங்கியிருக்க, சாய்ந்து கிடந்தார்.

"மாமா, கொஞ்சம் திறந்துவிடுங்க. என் மாமனாரு மீமூன், காய்ச்சல்ல கிடக்குறாரு. பொழுது சாயறதுக்குள்ள அவரை ஊர் சேர்த்தாகணும்" என்றான் ஸாயித்.

ஹம்மூவின் மூக்கு விடைத்தது. புதுப் பொய்!

"காய்ச்சல்னா கீழ போவாங்க. டாக்டர் கீழதானே இருக்காரு? நீ மேல போறியே, அங்க யாரு ஊசி போடுவா, குரங்கா?"

"அவருக்குச் சொந்த வீட்டுல படுக்கணுமாம், மாமா."

"அவரே சொல்லட்டும். என்ன பெரியவரே?"

"தூங்குறாங்க, எழுப்பாதீங்க" என்றாள் இத்தோ, சட்டென்று.

அந்தச் சட்டென்று ஹம்மூவுக்குப் பிடிக்கவில்லை. காரைச் சுற்றி வந்தார். கம்பளிக்குள் கிழவரா, கடத்தல் மூட்டையா? முன் கண்ணாடியில் ஸாயிதின் மூச்சுப் பட்டுப் புகை படிந்திருந்தது. இத்தோவின் பக்கக் கண்ணாடியிலும் அப்படித்தான். கிழவர் முகத்தை ஒட்டியிருந்த கண்ணாடி மட்டும் துடைத்து வைத்தது மாதிரி தெளிவாக இருந்தது.

ஹம்மூ கதவைத் திறந்து கிழவரின் கையைத் தொட்டார். கையை உடனே இழுத்துக்கொண்டார்.

"எப்ப?"

இத்தோதான் பேசினாள். "விடியக்காலையில. எங்க வீட்டுல இருந்தாங்க. உம்மா கபருக்குப் பக்கத்துல அடக்கம் பண்ணணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஊர்ல கபர் வெட்டி வச்சிட்டுக் காத்திருக்காங்க."

ஹம்மூவுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊருல இருக்குறவனெல்லாம் உசுரோட இருக்கவங்களைச் செத்துட்டாங்கன்னு எங்கிட்டப் புளுகுறான். நீங்க நிஜமாவே மையத்தை வச்சிக்கிட்டுக் காய்ச்சல்ங்கிறீங்க! மௌத்துன்னு உள்ளதைச் சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொல்லத்தான் இருந்தோம். கீழ சந்தையில ஒருத்தர் விடாம சொன்னாங்க. மௌத்துன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த ஆளு எவன் செத்தாலும் நம்ப மாட்டான், திருப்பி அனுப்பிடுவான்னு." அவள் தந்தையின் தலைமூடியைச் சரிசெய்தாள். "நான் இன்னும் அழக்கூட இல்ல மாமா. கண்ணு சிவந்திருந்தா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு, வழியெல்லாம் அடக்கிக்கிட்டு வந்தேன்."

ஹம்மூ கம்பளியின் நுனியை இழுத்துக் கிழவரின் கையை மூடினார். பிறகு, "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்றார். மரணம் கேட்டால் எங்கள் பக்கத்துக் குழந்தையும் சொல்வது அது. இந்தக் கம்பிக்கு முன்னால் நின்று அவர் யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

அதைக் கேட்டதும் இத்தோ கிழவரின் மடியில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள்.

மேலே பனி தள்ளிக்கொண்டிருந்த வண்டியை ஹம்மூ போனில் கூப்பிட்டார். "கீழ இறங்கி வா. ஒரு ஜனாஸா இருக்கு, முன்னால பாதை போட்டுக்கிட்டே ஊர் வரைக்கும் போ" என்றார்.

"ஜனாஸாவா? நம்புறீங்களா அண்ணே?" என்று அந்தப் பக்கம் டிரைவர் சிரித்தான். ஹம்மூ போனை வைத்துவிட்டார்.

வண்டி இறங்கி வந்து திரும்பியதும் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். கார் அதன் பின்னால் ஊர்ந்து ஏறி மறைந்தது. அழுகைச் சத்தம் மட்டும் சற்று நேரம் கேட்டது.

கம்பியை இறக்காமல் ஹம்மூ பனியில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை குளிர்காலத்தில் அழுதுகொண்டு வந்து, பதில் தடுமாறி, அவர் திருப்பி அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் எது நிஜம் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை.