கொடிதான் கதவு

அடையாற்றில் எங்கள் தெருச் சுவரில் படர்ந்திருந்த கொடியை இன்று வெட்டினார்கள். அந்தப் பச்சை வாடையில் ஆறாம் வகுப்பு நாள் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது ஆற்றோரம் ஒரு பாழடைந்த பங்களா இருந்தது. ஊதாப் பூக்கொடி கூரைவரை மூடியிருக்கும். பேய் பார்க்கப் போகிறோம் என்று நானும் தோழி மாலாவும் வாசலில் தொங்கிய கொடியைப் பிய்த்தெறிந்து, கூச்சலிட்டபடி நுழைந்தோம்.

உள்ளே என் வகுப்பு செல்வி பள்ளிச் சீருடையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அவசரமாகப் பாயை விரித்தார்.

"செல்வியோட படிக்கிறீங்களா? உக்காருங்கம்மா. கொடிய மட்டும் பிக்காதீங்க. அதான் எங்க வூட்டுக்குக் கதவு."

செல்வி தட்டிலிருந்து நிமிரவேயில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பாயில் உட்காராமலே வெளியே வந்துவிட்டோம்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாய் திறக்குமுன் அவளே மெதுவாகக் கேட்டாள்.

"எல்லார்கிட்டயும் எப்பச் சொல்லப்போற?"