முட்டைக்காரியும் ஒடிந்த பட்டையும்

மாணிக்கம்மாளுக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மலைக்கும் ஆலங்காயத்துக்கும் ஆள் ஏற்றிப் போகும் பாஷாவின் ஜீப்புக்கு எங்கே வலிக்கிறது என்று பாஷாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். காரணம் முட்டை.

ஜவ்வாது மலையில் கடுக்கனூர் பக்கம் பஸ் எட்டிப் பார்க்காத எழுபத்தெட்டாம் வருஷம் அது. கோழி இருக்கிற வீடுகளிலெல்லாம் முட்டை வாங்கி, வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆலங்காயத்துக்குக் கொண்டுபோவாள். ஜீப்பில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. பின்பக்கம், இடது சக்கரத்துக்கு நேர் மேலே. வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் வண்டி கிளம்பாது. அவள் கிளம்ப விடமாட்டாள். பள்ளம் மேடெல்லாம் முதலில் முட்டைக்குத் தெரியும், அப்புறம் அவளுக்கு, கடைசியாகத்தான் பாஷாவுக்கு.

ஒருமுறை, "முன்சக்கரம் குளிர்ஜுரம் வந்தாப்ல நடுங்குது" என்றாள். இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டைக் காணோம். இன்னொரு முறை, திரும்பும்போதெல்லாம் கீச்சென்கிறது என்றாள். கிரீஸ் வறண்டு கிடந்தது. அன்றிலிருந்து பாஷாவுக்கு அவள் 'டாக்டரம்மா'. மரியாதையில் வந்த பட்டம் இல்லை, கிண்டலில் வந்தது. சொன்ன வைத்தியத்தை உடனே செய்துவிட்டால் அவன் பாஷாவே இல்லை.

மாசியில் ஒரு வாரம் போகிற நாளெல்லாம் நாலைந்து முட்டை உடைந்தது. எல்லாம் கூடையின் இடது ஓரத்தில். காலி ஜீப்பே இடது பக்கம் சாய்ந்து நின்றது. பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஒரு குலுக்கலோடு அடங்காமல் மூன்று தரம் எகிறியது. போதாததற்கு, நேர் ரோட்டிலேயே பாஷாவின் கைகள் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே வந்தன.

"இன்னா பாஷா, நேர் ரோட்டுல களி கிண்டிக்கினு வர்ற?"

"அது ஸ்டைலு, அக்கா."

"பாதிச் சுத்து சுத்துனாத்தான் சக்கரத்துக்குக் காது கேக்குது. இது ஸ்டைலா? பட்டை வேற ஒடிஞ்சிருக்கு, பாத்துக்க."

பட்டை என்பது வண்டியின் கனத்தைத் தாங்க, அடுக்கடுக்காக வளைத்து வைத்திருக்கும் இரும்புத் தகடு. டிரைவர்கள் வாயிலிருந்து அவள் பிடித்துக்கொண்ட சொல். பாஷா விழுந்து விழுந்து சிரித்தான்.

வேறு சமயமாக இருந்தால் அவளும் போகட்டும் என்று விட்டிருப்பாள். வருகிற சனிக்கிழமை அவள் மகள் வசந்தி, ஏழு மாத வயிற்றோடு, ஆலங்காயத்துப் புகுந்த வீட்டிலிருந்து இந்த ஜீப்பில்தான் மலை ஏறவேண்டும். மூன்று வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை. நினைக்க நினைக்க மாணிக்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

புளி ஏற்ற வந்த லாரி டிரைவர் தாண்டவராயனை மறித்தாள். "ஆலங்காயத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற அமீனுல்லா பாய்கிட்ட சொல்லிடு. பட்டை ஒடிஞ்சிருக்கு, சனிக்கிழமைக்குள்ள வந்து பாக்கணும்னு."

எந்த வண்டியின் பட்டை என்று சொல்ல மறந்தாள். தாண்டவராயனோ லாரியை நிறுத்தாமல், ஒர்க்‌ஷாப் வாசலில் கத்திவிட்டுப் போனான். அமீனுல்லா ஜீப்பும் ரிப்பேர் பார்ப்பார், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டையும் வாங்கி அனுப்புவார். தோல் பதனிட அது வேண்டும். 'ஒடிஞ்சிருக்கு' என்றது அவர் காதில் 'ஒடிச்சிருக்கு' என்று விழுந்தது. மலையில் எவளோ பட்டை ஒடித்துக் குவித்திருக்கிறாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

சனிக்கிழமை மாணிக்கம்மாள் ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே, அதலபாதாளத்தை ஒட்டித் திரும்பும் வளைவுக்குக் கீழே இறங்கி நின்றாள். பட்டை மாற்றிய ஜீப் நிமிர்ந்து வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். கீழே ஜீப் தெரிந்தது. இடது பக்கம் தாழ்ந்தே வந்தது. தாழ்ந்த பக்கத்து முன்சீட்டில் வசந்தி.

மாணிக்கம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் பாய்ந்தாள். பாஷா பிரேக்கை மிதித்தான்.

"எறங்குடி!"

வசந்தி திருதிருவென்று விழித்தபடி இறங்கினாள். பின்னாலிருந்து தராசும் கோணியுமாக அமீனுல்லாவும் இறங்கினார்.

"வந்துட்டீங்களா பாய்! பட்டையப் பாருங்க."

"அதுக்குத்தான வந்தேன். எங்கம்மா?"

"கீழதான் கீது."

அமீனுல்லா தன் காலடியைப் பார்த்தார். செருப்பைத் தூக்கியும் பார்த்தார். "எத்தினி கட்டு தேறும்?"

"கட்டா? ஒண்ணே ஒண்ணு. அதுவும் ரெண்டா ஒடிஞ்சது."

"ஒரு பட்டைக்காகவா என்னைய மலை ஏத்துன?"

"இந்த ஜீப்புக்கு அந்தப் பக்கம் எத்தினி பட்டை இருக்கணுமோ, அத்தினியும் பாருங்க பாய்!"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முகம் சிறுத்துப்போய், வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பெரிய பட்டை ஒடிந்துதான் இருந்தது. முன்சக்கரத்து டயர் உள் ஓரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்து முன்பக்கம் நகர்ந்தார். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் முனையைப் பிடித்து ஆட்டினார். அது கையோடு வந்துவிட்டது.

வெளியே வந்தவர் கம்பி முனையைப் பாஷாவிடம் நீட்டினார். ஜீப் அடுத்து ஏறவேண்டிய வளைவும், அதன் ஓரத்து அதலபாதாளமும் எதிரே கிடந்தன. பாஷா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"ஜீப் ரிப்பேர்னு மட்டும் சொல்லியிருந்தியானா, நான் வந்திருக்கவே மாட்டேன் மாணிக்கம்மா" என்றார் அமீனுல்லா. "வசந்திய உன் வூட்டுல உட்டுட்டு வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு எறக்கிக்கினு வாடான்னு இவன்கிட்ட சொல்லியிருப்பேன்."

பாஷா தலை நிமிராமல், "திட்டுக்கா" என்றான்.

ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் மாணிக்கம்மாளிடம் இருந்தது. "பொட்டியத் தூக்கிக்கினு வா" என்று மட்டும் சொன்னாள்.

பாஷா வசந்தியின் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். மாணிக்கம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"வுடும்மா, கை வலிக்குது" என்றாள் வசந்தி.

வீடு போய்ச் சேரும்வரை அவள் விடவில்லை.