புடவை விரித்த கை

காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் புடவை விரித்துக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் தேவேந்திரன் விரித்தால் அதுவே தனி. மடிப்பின் ஒரு முனையைப் பிடித்து வலக்கையை ஒரு வீசு வீசுவார். முந்தானை மெத்தை முழுக்கப் பரவிக் கல்யாணப் பெண்ணின் மடியில் போய் விழும். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

நாற்பது வயதைத் தாண்டியபின், ஒரு முகூர்த்த சீசனில் அந்தக் கை மக்கர் பண்ணியது. தோளில் தொடங்கிக் கட்டைவிரல் வரை சுரீரென்றது. விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. நரம்புக்கான பயிற்சி என்று செல்போனில் ஒரு வீடியோ கிடைத்தது. கையைப் பக்கவாட்டில் நீட்டித் தலையை மறுபக்கம் சாய்க்க வேண்டுமாம். எதையும் அரைகுறையாகச் செய்வது தேவேந்திரனுக்குப் பிடிக்காது. பிள்ளையார்பாளையத்து வீட்டு மொட்டைமாடியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை இழுத்துப் பிடித்து நின்றார். மரத்துப்போனால் குணமாகிறது என்று நினைப்பு. மறுநாள் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை.

மனைவி காவேரி வண்டிச் சாவியை எடுத்தாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, பிசியோதெரபிஸ்ட் கீர்த்தியிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கீர்த்தி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். தன் விரல்களை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிறகு, வீட்டில் என்ன செய்தார் என்று செய்துகாட்டச் சொன்னாள். அவர் கையை நீட்டிய வேகத்திலேயே தடுத்துவிட்டாள்.

"நரம்ப ரப்பர் மாதிரி இழுக்கக் கூடாதுண்ணா. உள்ள அது மெதுவா நகர்ந்து போய்ட்டு வரணும், அவ்ளோதான்."

"நான் தேர்வடம் இழுக்கற மாதிரி இழுத்துக்கினு இருந்தேன்மா."

முதலில் எரிச்சல் அடங்கட்டும் என்று சில நாள் ஓய்வு கொடுத்தாள். அதன்பின் சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மெல்ல நீட்டும்போது தலை அதே கைப்பக்கம் சாய வேண்டும், மடக்கும்போது மறுபக்கம். எங்கேயும் பிடித்து நிறுத்தக் கூடாது. சுரீர் என்பதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். செய்து முடித்தபின்னும் மரமரப்பு நீடித்தால் அடுத்த முறை குறைத்துக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தாலோ மரமரப்பு கூடினாலோ அத்தோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் புடவைகளை எட்டி எடுப்பதும் வீசுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

கடையில் வீசும் வேலையைக் கூட வேலை பார்க்கும் ரேவதி எடுத்துக்கொண்டாள். அவர் பேச, அவள் விரித்தாள். இரண்டு பேரும் நல்ல ஜோடி என்று முதலாளியே சொன்னார்.

ஒருநாள் கல்லாவுக்குப் பின்னால் தேவேந்திரன் பயிற்சியில் இருந்தார். தென்னேரியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா பச்சைப் புடவையைக் கையில் எடுத்தார். தேவேந்திரனின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. அந்த அம்மா அதை வைத்துவிட்டு அரக்குப் புடவையை எடுத்தார். தலை மறுபக்கம் சாய்ந்தது.

"இன்னாபா, எத எடுத்தாலும் வேணாம்ன்ற?"

தேவேந்திரன் பதறிப்போய் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டு, தனக்கும் இடது தோளில் இதே தொல்லைதான், எப்படிச் செய்வது என்று கேட்டார்.

"மொதல்ல யார்கிட்டயாவது காட்டுங்கமா. வீடியோவ பார்த்துச் செஞ்சி நான் பட்டது போதும்."

அந்த அம்மா பச்சை, அரக்கு இரண்டையும் வாங்கிக்கொண்டு, கீர்த்தியின் விலாசத்தையும் கேட்டுக்கொண்டு போனார்.

ஆடி பிறப்பதற்குள் எறும்பு ஊர்வது நின்றுவிட்டது. காபி டம்ளரைத் தேவேந்திரன் இப்போது சிரமமில்லாமல் தூக்குகிறார். வீசுவது மட்டும் ரேவதிதான். திருப்பிக் கேட்டாலும் அவள் கொடுப்பதாக இல்லை.