பின்பாதி கதிர்வேலுடையது

ஜோசுவாவுக்கு வாய் நீளம். அந்த வாயைத்தான் விறகுக் கட்டையால் உடைத்தார்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் கிராமத்துப் பையன். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் பட்டறையில் வேலை. காதில் எந்நேரமும் ஒரு அமெரிக்க ராப் ஜோடி ஓடிக்கொண்டிருக்கும். ஒருவன் தொடங்கிய வரியை மற்றவன் பிடுங்கி முடிப்பான். அப்படிப் பிடுங்க ஆள் தேடியவனுக்குக் காஞ்சிபுரத்தில் கதிர்வேல் கிடைத்தான்.

கதிர்வேல் தாய்மாமன் பஞ்சாட்சரத்தின் வீட்டில் வளர்ந்தவன். வேலையும் அவர் தறியில்தான். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; நெய்ய இரண்டு பேர் வேண்டும். மாமா ஒரு பக்கமிருந்து ஊடுநூல் ஓட்டும் நாடாவை எறிவார், மருமகன் மறுபக்கமிருந்து எறிவான். கரையோரம் இரண்டு நூலும் பின்னிக்கொள்ளும். பாட்டுக்கும் அதையே சட்டமாக்கினான் கதிர்வேல். முன்பாதி ஜோசுவாவுடையது, பின்பாதி தன்னுடையது. ஒருவன் பாதியில் மற்றவன் கைவைக்கக் கூடாது. தன் பாதி முடிந்ததும் “நீ போடுடா” என்பார்கள்.

ஒருநாள் கார்க் கதவைத் தட்டிக்கொண்டே ஜோசுவா போட்டான்: “எங்கப்பா நட்ட நெல்லு உங்க சாமி எலையில.”

கதிர்வேல் யோசிக்கவே இல்லை. “அவரு தெருவுக்குள்ள வந்தா செருப்பு எங்க மாமா கையில.”

சுத்தியல் நின்றது. “இது உனுக்கு எப்டிடா தெரியும்?”

“சின்ன வயசுல பாத்தேன்டா. உங்கப்பாவ மாமா செருப்பால மூஞ்சியிலயே அடிச்சாரு. நான் ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன்.”

அப்பா தேவசகாயம் இதைப் பற்றி வீட்டில் மூச்சு விட்டதில்லை. ஜோசுவா சுத்தியலை ஓங்கிக் கதவில் ஒரு போடு போட்டான். ஆனாலும் அந்த வரியை விடவில்லை.

நெசவுத் தெரு நண்பன் ஒருவனின் கலியாண ரிசப்ஷனில் அதைப் பாடினார்கள். முன்வரிசையில் பஞ்சாட்சரம். மேடையிலிருந்து இறங்கியதும் அவரும் அவருடைய ஆட்களும் ஜோசுவாவைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள்.

“எங்க புள்ளக்கி நீ எழுதிக் குடுத்தியாடா? அவன் சொந்தமா இத சொல்லுவானா?”

காலமெல்லாம் இரண்டு பேராக நெய்த மனுஷனுக்கு, இரண்டு பேர் போட்ட பாட்டு விளங்கவில்லை. என்ன சொல்ல! கட்டை விழுந்தது. முதலில் முதுகில், பிறகு தாடையில். பல் தெறித்து எச்சில் இலைகளுக்கு நடுவே கிடந்தது. ஜோசுவா கீழே கிடந்தபடி கதிர்வேலைப் பார்த்தான். ‘அது என் வரி’ என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வீடும் போகும், தறியும் போகும். கதிர்வேல் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்லும் எனக்கு அவன்மேல் வந்த கோபம் கட்டை எடுத்தவர்கள்மேல்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜோசுவாவின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். அதற்குள் பஞ்சாட்சரம் முந்திக்கொண்டு, ஜோசுவா தன்னை அவதூறாகப் பாடினான் என்று புகார் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனில் மூவரையும் நிறுத்தினார்கள்.

“எழுதுனது யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இவன்தான் சார். எங்க புள்ளக்கி ஒண்ணும் தெரியாது,” என்றார் பஞ்சாட்சரம்.

கதிர்வேல் தலையைத் தூக்கவில்லை. ஜோசுவாவால் வாய் திறக்க முடியாது. மேஜையில் விரலால் தட்ட ஆரம்பித்தான். அது அவனுடைய முன்பாதி. தாளம் பாதியில் நின்றது. நண்பனைப் பார்த்துக் காத்திருந்தான். மறுபடி தட்டினான், மறுபடி நிறுத்தினான்.

கதிர்வேலின் முகமெல்லாம் வேர்த்தது. “அவரு தெருவுக்குள்ள வந்தா...” மாமாவை நேராகப் பார்த்தான். “செருப்பு எங்க மாமா கையில. இது என் வரி சார். நான் கண்ணால பாத்தது.”

இன்ஸ்பெக்டர் எழுவதற்குள் பஞ்சாட்சரம் குனிந்து நிமிர்ந்தார். செருப்பு அவர் கையில் இருந்தது. விழுந்த அடியில் கதிர்வேலின் உதடு கிழிந்து மேஜையெல்லாம் ரத்தம்.

போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். கதிர்வேல் வாயைத் துடைக்கவில்லை. ஜோசுவா பக்கம் திரும்பினான்.

“நீ போடுடா,” என்றான்.